புரதம் சில நாளில் சிதைந்துவிடும் என்றால் 75 வருட நினைவு எதில் நிற்கிறது?

கயல்_பயோ:
என் பாட்டிக்கு 84 வயது. காலையில் மாத்திரை போட்டாரா என்று கேட்டால் யோசிப்பார், ஆனால் நான்காம் வகுப்பில் படித்த பதினாறாம் வாய்ப்பாட்டைத் தடங்கலே இல்லாமல் சொல்வார். நினைவைத் தாங்குவது சினாப்ஸில், அதாவது இரண்டு நரம்புச் செல்கள் சந்திக்கும் இடத்தில், இருக்கும் புரதங்கள் என்கிறது பாடம். அந்தப் புரதங்களோ பெரும்பாலும் சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் சிதைந்து, புதியவை வருகின்றன. அப்புறம் எப்படி?

பொருநை:
1984இல் டிஎன்ஏ அமைப்பைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக் நேச்சர் ஆய்விதழில் எழுப்பியதும் இதே கேள்விதான். அவர் சொன்ன வழி: மூலக்கூறுகள் ஜோடியாக இருக்கட்டும், ஒன்று சிதைந்து புதிது வரும்போது மற்றொன்று நிலையைக் காப்பாற்றட்டும். ஓட்டு வீட்டில் வருடத்துக்கு நாலு ஓடு மாற்றுவோமே, எல்லா ஓடும் மாறிய பிறகும் கூரை அதே கூரைதானே.

இளவேனில்:
நல்ல உவமை. சோதனை என்று பார்த்தால் பிகேஎம்-சீட்டா என்ற நொதியிலிருந்து தொடங்கணும். இதே குடும்பத்து மற்ற நொதிகளில் ஒரு பூட்டு மாதிரி பகுதி உண்டு, இதில் அது கிடையாது, அதனால் உருவானதிலிருந்தே வேலை செய்துகொண்டிருக்கும். அடுத்த செல்லிலிருந்து வரும் சமிக்ஞையை வாங்கும் ஆம்பா ஏற்பிகள் சினாப்ஸை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளும். 2006இல் நியூயார்க்கில் டாட் சாக்டர், ஆந்த்ரே ஃபென்டன் குழு எலிகளை மெல்லச் சுழலும் தட்டில் விட்டார்கள். அறையின் ஒரு குறிப்பிட்ட பக்கம் வந்தால் காலில் லேசான ஷாக். எலி அந்தப் பக்கத்தைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டது. ஒரு மாதம் கழித்து மூளையில் இட நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில், இந்த நொதியைத் தடுப்பதாகக் கருதப்பட்ட ஜிப் என்ற மருந்தைச் செலுத்தினார்கள். எலி ஒன்றுமே கற்காதது போல நேராக அந்த இடத்துக்குள் நடந்துபோனது! ஆனால் மூளை கெடவில்லை, பிறகு புதிதாகக் கற்றுக்கொள்ள முடிந்தது.

மறுகேள்வி_78:
2013இல் வந்த இரண்டு கட்டுரைகளை விட்டுவிட்டீர்களே. அந்த நொதிக்கான மரபணுவையே நீக்கிய சுண்டெலிகளிடம் நினைவு நன்றாகவே இருந்தது, அவற்றிலும் ஜிப் நினைவை அழித்தது. அப்படியென்றால் ஜிப் வேறு எதையோ தாக்குகிறது என்றுதானே அர்த்தம்?

இளவேனில்:
சரியான கேள்வி, அந்த இரண்டு கட்டுரைகளும் இந்தத் துறையையே உலுக்கின. 2016இல் சாக்டர் குழு தந்த பதில்: நொதி இல்லாத சுண்டெலியில் அதன் நெருங்கிய உறவான இன்னொரு நொதி அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. 2024இல் வந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கிப்ரா என்ற புரதம் வலுவான சினாப்ஸில் பசை போல இருந்து நொதியை அங்கேயே பிடித்து வைக்கிறது. இந்தப் பிடியை மட்டும் தளர்த்தும் மருந்தைக் கொடுத்தால் சாதாரண சுண்டெலியில் நான்கு வாரப் பழைய நினைவும் போகிறது, மரபணு நீக்கிய சுண்டெலியில் ஒன்றும் ஆவதில்லை. உங்கள் சந்தேகத்துக்கு இதைவிட நேரான சோதனை நான் பார்த்ததில்லை.

கயல்_பயோ:
அப்போ தனி மூலக்கூறு போய்விடும், கிப்ராவும் நொதியும் சேர்ந்த அந்த ஜோடிதான் நிற்கும்?

பொருநை:
ஆமாம், கிரிக் சொன்ன ஓட்டுக் கூரைதான். ஆனால் இது எலியிலும் சுண்டெலியிலும் வாரக்கணக்கில் பார்த்தது. பாட்டியின் வாய்ப்பாடு வரை அப்படியே நீட்டிவிடாதீர்கள்.