லடாக்கில் தண்ணீர்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

நிம்மு அருகே சிந்துவும் சன்ஸ்காரும் கலக்கும் இடத்தில் எல்லோரும் படம் எடுப்பார்கள், நானும் எடுத்தேன். இரண்டு ஆறுகள் ஓடியும் சுற்றியுள்ள மலைச்சரிவில் பச்சையே தென்படவில்லை. ஆறு பள்ளத்தில், நிலம் மேட்டில். அங்கே பெரும்பாலான ஊர்களுக்குச் சோறு போடுவது சிந்து அல்ல, பக்கத்து மலையிடுக்கில் பனி உருகி இறங்கும் ஓடைதான். அது கொண்டுவந்து கொட்டிய வண்டல் விசிறியாக விரிந்த இடத்தில்தான் வயலும் வீடும். வாய்க்கால் எட்டாத இடத்தில் வெறும் சரளை. லே நகரில் ஆண்டு மழையே சுமார் 100 மி.மீ. தான். நான் தங்கிய ஊரில் தண்ணீரை முறை வைத்துப் பிரித்துவிட ‘சுர்பொன்’ என்று ஒருவர் இருந்தார். நம்மூரில் வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடும் நீர்க்கட்டியின் வேலையேதான். கல்லும் மண்ணும் வைத்து மடையை அடைத்தார், திறந்தார், சண்டையும் தீர்த்தார்!

*

சார், நீங்கள் சொன்ன அந்தப் பனி ஓடையிலும் ஒரு சிக்கல் உண்டு. பார்லி விதைப்பு ஏப்ரல், மே மாதங்களில். உயரத்துப் பனி நன்றாக உருகுவதோ ஜூன் வாக்கில். நடுவில்தான் தவிப்பு. லே அருகே ஃபியாங் என்ற ஊரில் ஒரு ஏப்ரலில் பனி ஸ்தூபி பார்த்தேன், லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் வாங்சுக் தொடங்கிய முயற்சி. பம்பு கிடையாது. மேட்டிலிருந்து குழாயில் வரும் நீர் தன் அழுத்தத்திலேயே பீய்ச்சியடித்து, குளிர்கால இரவில் உறைந்து கூம்பாகக் குவிகிறது. வெயில் படும் பரப்பு குறைவு என்பதால் மெதுவாக உருகும். அவருக்கு முன்பே செவாங் நோர்பெல் என்ற பொறியாளர் ஓடை நீரைத் தேக்கி உறையவைத்துச் செயற்கைப் பனியாறுகள் அமைத்தவர். அந்தப் பெயர் நம்மவர்களிடம் அவ்வளவாக எட்டவில்லை, அது என் மனக்குறை.

*

நான் பாங்காங் போனேன். 4,200 மீட்டருக்கு மேல் அவ்வளவு பெரிய ஏரி, ஆனால் வாயில் வைத்தால் உப்பு. நீர் வெளியேற வழியில்லை. ஆவியாக ஆவியாக உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. கரையோரக் கூடாரத்தில் எங்களுக்குக் குடிக்க வண்டியில் வந்த தண்ணீர்தான்.

அப்புறம் ஒரு விஷயம். லேயில் நான் தங்கிய விடுதியில் ஷவர், ஃபிளஷ் எல்லாம் போர்வெல் புண்ணியம். கிராமத்து வீடுகளில் மண் தூவி மூடும் உலர் கழிப்பறை. நாற்றம் அதிகமில்லை, பிறகு வயலுக்கு எரு. போகிறவர்கள் முடிந்தால் அப்படி ஒரு வீட்டில் தங்குங்கள். குளிக்க ஒரு வாளி போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் விருந்தாளி என்று அவர்கள் கூடுதலாகச் சுமந்துவருவார்கள்.