புதுப்பிப்பு: லிஸ்பன் – சிந்த்ரா ஒருநாள் பயணம், நேரக் கணக்கில் திருத்தம்

சிந்த்ராவின் பெனா அரண்மனைக்கு 10 மணிச் சீட்டு எடுத்தால் 9.45-க்குப் பூங்கா வாசலில் இருந்தால் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அது போதாது. சீட்டில் உள்ள நேரம் பூங்கா வாசலுக்கல்ல, மேலே மஞ்சளும் சிவப்புமாகத் தெரியும் அரண்மனைக் கதவுக்கு. கீழிருந்து ஏற அரை மணி பிடிக்கும், முழுக்க மேடு. தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். 9.15-க்கே பூங்காவுக்குள் நுழைந்துவிடுங்கள்.

அதற்கு 8 மணி வாக்கில் லிஸ்பனின் ரோசியூ நிலையத்தில் ரயிலேற வேண்டும். பயணம் சுமார் 40 நிமிடம். குதிரை லாட வடிவ வாசலைத் தாண்டி எஸ்கலேட்டரில் ஏறினால்தான் பிளாட்பாரம்.

நவெகாந்த் (சீட்டையோ பணத்தையோ ஏற்றிக்கொள்ளும் பயண அட்டை) ஆளுக்கு ஒன்று வேண்டும். அதில் மெட்ரோ சீட்டு மிச்சமிருந்தால் ரயில் சீட்டு ஏறாது, ஒரு நேரத்தில் ஒரு வகைதான். ‘ஜாப்பிங்’ முறையில் பணமாக ஏற்றினால் மெட்ரோ, டிராம், ரயில் மூன்றுக்கும் ஆகும்.

சிந்த்ரா நிலையத்திலிருந்து 434 பேருந்து ஒருவழிச் சுற்று: ஊர் மையம், மூர் கோட்டை, பிறகு பெனா. பெனாவில் மறுபடி ஏறினால் நேரே ஊருக்குள் இறக்கிவிடும். அதனால் பெனாவிலிருந்து கோட்டைக்கு நடந்தே போங்கள், பக்கம்தான்.

சிந்த்ராவிலேயே உள்ள ரெகலேய்ரா மாளிகைத் தோட்டத்தின் 27 மீட்டர் ஆழச் சுழற்படிக் கிணற்றில் படிகள் ஈரமாயிருக்கும். வழுக்காத செருப்பு அவசியம்.