த்ரீ நாட் த்ரீயும் 7.62ம் ஒரே காலிபர் தானா? எது பெட்டர்?

வியாசர்பாடி விக்கி:
எங்க தாத்தா ஆவடி பட்டாலியன்ல இருந்தவரு, சர்வீஸ் பூரா த்ரீ நாட் த்ரீ (.303) ரைஃபிள் தான். மாமா ஆர்மில எஸ்.எல்.ஆர் தூக்குனவரு, அது 7.62 எம்.எம் ரவுண்டு போடற ரைஃபிள். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்தா இதே பேச்சு தான், தாத்தா "ரெண்டும் ஒரே சைஸ் குண்டு தாண்டா, என்னோடது தான் வெயிட்டு"ங்கறாரு, மாமா "அது வெள்ளக்காரன் காலத்து சரக்கு, 7.62 முன்னாடி நிக்காது"ங்கறாரு. .303 இன்ச்னா 7.7 எம்.எம் வருது, அப்போ வித்தியாசம் 0.08 தானே, அந்த ரைஃபிள்ல இந்த ரவுண்டு போகுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய ஆர்மரர்:
தம்பி, கடைசி கேள்விய முதல்ல பாப்போம். போகாது, போட்டுப் பாக்கவும் கூடாது. பேர்ல இருக்கற நம்பர் குண்டோட அளவு இல்லப்பா, பேரல் உள்ள வெட்டுன வரிக்கு நடுவுல இருக்கற மேட்டுக்கு மேடு அளந்தது. நிஜ குண்டு த்ரீ நாட் த்ரீக்கு .311 இன்ச், 7.62க்கு .308. கேஸும், அதாவது மருந்து அடைக்கற கூடும் வேற, த்ரீ நாட் த்ரீ 56 எம்.எம், அடியில ரிம், அதாவது விளிம்பு, துருத்திக்கிட்டு நிக்கும், 7.62 கேஸ் 51 எம்.எம், ரிம் வெளிய நீட்டாது. பிரஷரும் 7.62ல நல்லாவே ஜாஸ்தி.

வெயிட்டு விஷயத்துல உங்க தாத்தா சொல்றது நூத்துக்கு நூறு சரி. 1910ல வந்த த்ரீ நாட் த்ரீ மார்க் 7 குண்டு 174 கிரெய்ன், கிராம் கணக்குல 11.3, செகண்டுக்கு 744 மீட்டர் வேகம். 7.62 சாதா ரவுண்டு 9.5 கிராம் தான், ஆனா 838 மீட்டர் கிட்ட போகும். எனர்ஜி போட்டுப் பாத்தா 3100 ஜூல், 3300 ஜூல், அவ்ளோ தான், மாமா சொல்ற மாதிரி மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்லாம் கிடையாது. மார்க் 7ல மூக்குப் பக்கம் ஈயத்துக்கு பதிலா அலுமினியம் வெச்சிருப்பான், அதனால பின்பாரமா இருக்கும், உள்ள பட்டா புரண்டுடும், அந்தக் காயம் லேசுல ஆறாது.

அயனாவரம் அருண்:
ஆர்மரர் சார் சொன்னதோட இதையும் சேத்துக்கங்க, சின்ன கேஸ்ல எப்படி ஜாஸ்தி பவர்னு கேட்டா அது வெடிமருந்து விஷயம். த்ரீ நாட் த்ரீ 1888ல வந்தப்போ உள்ள கருமருந்து, அப்புறம் தான் கார்டைட்ங்கற புகையில்லா மருந்துக்கு மாத்துனாங்க, ஆனா கேஸ் அதே கேஸ். 7.62ஐ நேட்டோ 1954ல எடுத்தப்போ மருந்து ரொம்ப முன்னேறிடுச்சு, கம்மி இடத்துல அதே வேலைய முடிச்சுடும். கார்டைட் காஞ்ச சேமியா மாதிரி குச்சி குச்சியா இருக்கும், அந்தக் கட்டு கழுத்து வழியா நுழையாதுன்னு முதல்ல மருந்த வெச்சுட்டு அப்புறம் தான் கேஸ் கழுத்தையே சுருக்குவாங்க! ரொம்ப சூடா எரியும், பேரல அரிச்சுடும். மருந்த பத்த வெக்கற பழைய கேப்பு உப்பு வேற கக்கும், அதனால தான் சுட்டு முடிச்சதும் கொதிக்கற தண்ணி ஊத்திக் கழுவறது.

பழைய ஆர்மரர்:
கரெக்ட். என்ன கேட்டா ரிம் தான் பெரிய தலைவலி. க்ளிப்ல ரவுண்ட அவசரத்துல தப்பா அடுக்கி, மேல் ரவுண்டு ரிம் கீழ் ரவுண்டு ரிம்முக்குப் பின்னாடி மாட்டிச்சுன்னா போல்ட் ரவுண்ட உள்ள தள்ளவே தள்ளாது, 7.62ல அந்தப் பேச்சே இல்ல. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு தம்பி, இஷாப்பூர் 2ஏ1. பாக்க அப்படியே தாத்தாவோட ரைஃபிள், ஆனா நல்ல ஸ்டீல், 12 ரவுண்டு மேகசின், உள்ள போறது மாமாவோட 7.62.

வியாசர்பாடி விக்கி:
ரொம்ப நன்றி சார். தாத்தா ட்ரங்க் பெட்டில ஒரு கேஸ் கெடக்கு, அது எதுன்னு எப்படிப் பாக்கறது?

பழைய ஆர்மரர்:
முனையில குண்டு இருந்தா தொடாத, நேரா பக்கத்து ஸ்டேஷன்ல சொல்லிடு, த்ரீ நாட் த்ரீ பொதுமக்களுக்கு தடை பண்ண காலிபர், லைசென்ஸ் இல்லாம ஒரு லைவ் ரவுண்டு வெச்சிருந்தாலும் போலீஸ் கேஸ் தான். வெறும் கேஸா இருந்தா அடிப்பக்கத்தப் பாரு. கே.எஃப்னு அடிச்சிருந்தா பூனா பக்கத்து கிர்க்கீ ஃபேக்டரி, கூடவே 7னு இருந்தா தாத்தாவோட மார்க் 7.