கடலூர் மாவட்ட நிலவியல் கையேடு: 'பெட்ராக்' தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மாவட்ட நிலவியல் பற்றிய பள்ளிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'பெட்ராக்' ஒன்றுதான் பாக்கி. மேல்மண்ணுக்கும் வண்டலுக்கும் அடியில் இருக்கும் பாறை. 'படுகைப்பாறை' என்று போட்டிருக்கிறோம். சரிதானா?

*

சரிவராது ஐயா. காவிரிப் படுகை என்று படித்த பிள்ளை ஆற்றோரப் பாறையைத்தான் நினைக்கும். 'அடிப்பாறை' போதும். போர் போடுகிறவர்கள் "பாறை தட்டிடுச்சு" என்கிறார்கள். அதன் முன்னால் ஓர் 'அடி' சேர்த்தால் வேலை முடிந்தது.

*

படுகையை அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். படுதல் என்றால் கிடத்தல். படுக்கை, படுகை எல்லாம் அந்த வேர்தான். கீழே கிடக்கும் பாறைக்கு வேறென்ன வினை வேண்டும்? வினைத்தொகையாகப் 'படுபாறை' என்றே ஆக்கலாம். கிடந்தது, கிடக்கிறது, கிடக்கும் என மூன்று காலத்தையும் தாங்கும்.

*

இலக்கணம் சரி, காதுக்குப் படுகுழிதான் நினைவுக்கு வருகிறது. 'தாய்ப்பாறை' ஆகாதா?

*

ஆகாது அம்மா. மண்ணியலில் அது வேறு பொருளில், மண் எந்தப் பாறை சிதைந்து உண்டானதோ அந்தப் பாறைக்கு என்று, நிலைத்துவிட்டது.

எனக்குக் கவலை வேறு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை வெட்டி எடுத்தால் அடியில் வருவது கெட்டிப் பாறையா? மணலும் களிமண்ணும், அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரும். அந்த நீரை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே உப்பிக்கொண்டு உடையும். கடலூர் மணற்கல்லும் பல இடங்களில் கையால் உதிர்க்கிற பதத்தில்தான் இருக்கிறது. சார்னோகைட், நைஸ் போன்ற பழைய கெட்டிப் பாறைகள் மேற்கே திட்டக்குடிப் பக்கம் வெளியே தெரியும். கடலை நோக்கிப் போகப்போக மிக ஆழத்துக்கு இறங்கிவிடும். அதை நிலவியலார் 'பேஸ்மென்ட்' என்பார்கள். 'அடிப்பாறை' அதற்கல்லவா வேண்டும்? பெட்ராக்குக்குக் கொடுத்துவிட்டால் அதற்கு எங்கே போவது?

*

'அடித்தளப் பாறை' என்று வையுங்கள். பெட்ராக்குக்கு அடிப்பாறை.

*

எனக்கும் சம்மதம்.

*

தனித்தமிழாகவும் இருக்கிறது, பிள்ளைகளுக்கும் புரியும். ஆனாலும் படுபாறையை அடைப்புக்குறிக்குள்ளாவது போடலாம்.

*

அடிப்பாறை, அடித்தளப் பாறை: வகுப்பில் இரண்டும் குழம்பும் என்றே இன்னும் நினைக்கிறேன். பெரும்பான்மை முடிவென்றால் அச்சிடுங்கள். ஆனால் சுரங்கப் படத்தில் நிலக்கரிக்குக் கீழே அடிப்பாறை என்று மட்டும் எழுதவேண்டாம். அங்கே 'அழுத்தநீர் மணல்' என்றே இருக்கட்டும்.