ஆபரேஷனில் டெர்மல் மேட்ரிக்ஸ் வைத்தார்களா? அந்தத் தோல் எதிலிருந்து வந்தது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

அக்கா வீட்டுக்காரருக்கு வேலந்தாவளத்தில் நேந்திரம் சிப்ஸ் கடை. ஓணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, ஆர்டர் குவிந்திருந்த நேரத்தில், வாணலி சரிந்து கொதிக்கிற தேங்காய் எண்ணெய் வலது கையில் கொட்டிவிட்டது.

வெந்த தோலை டாக்டர் எடுத்த பிறகு புறங்கையில் தசைநாண்கள் வெள்ளைக் கயிறு மாதிரித் தெரிந்தன. தொடைத் தோலை எடுத்து ஒட்டிவிடுவார்கள் என்றுதான் நினைத்தோம். வெறும் நாண்மேல் ஒட்டுத்தோல் பிடிக்காதாம். அடியில் ரத்த ஓட்டம் இருந்தால்தான் அது பிழைக்கும். ஒரு வழி, கையை அடிவயிற்றுப் பக்கம் சேர்த்துத் தைத்து மூன்று வாரம் வைத்திருப்பது. அதைக் கேட்டதும் மாமா கட்டிலை விட்டே இறங்கிவிட்டார். இன்னொரு வழி டெர்மல் மேட்ரிக்ஸ்.

கட்டடத்துக்குக் கட்டுகிற சாரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறோர் உயிரின் தோலில் இருக்கும் செல்களையெல்லாம் நீக்கிவிட்டு, கொலாஜன் என்ற புரத நார்ப் பின்னலை மட்டும் வைத்துக்கொள்வார்கள். செல் இல்லாததால் உடம்பு அவ்வளவாக எதிர்ப்பதில்லை. நம் ரத்தக்குழாய்களும் செல்களும் அதற்குள் ஏறி வளரும். மாமாவுக்கு வைத்தது இதற்குப் பங்காளி முறை: கொலாஜனைப் பிரித்தெடுத்துப் பஞ்சு போல ஆக்கி, மேலே சிலிக்கோன் ஏடு போட்டது. ஒவ்வொரு டிரெஸ்ஸிங்கின்போதும் டாக்டர் நிறம் பார்ப்பார். முதலில் ரத்தச் சிவப்பு, அப்புறம் இளஞ்சிவப்பு, மூன்றாம் வாரம் மங்கல் மஞ்சள். அந்த மஞ்சள் வந்ததும் ஏட்டை உரித்துவிட்டு, தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டினார்கள். இப்போது கரண்டி பிடிக்கிறார். விரல்கள் முழுதாக மடங்கவில்லை.

என் குறை வேறு. ஆங்கிலப் படிவத்தில் பைஸ்டாண்டர், அதாவது நோயாளிக்குத் துணை, என்று கையெழுத்துப் போட்டவன் நான். எதில் செய்தது என்று யாரும் சொல்லவில்லை; கேஸ் ஷீட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். மாட்டுக் கொலாஜன், கூடவே சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு பொருள். சுறாப்புட்டு எங்கள் வீட்டில் ஓடும், மாடு ஓடாது. மாமாவிடம் நானே சொல்ல வேண்டியதாயிற்று. கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க அக்காகிட்ட சுறாவை மட்டும் சொல்லு" என்றார்.

கம்பம் திராட்சை:

என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய். குமுளி வழியாக எர்ணாகுளம் போய்த்தான் வைத்தியம். மார்பை எடுத்த பிறகு இம்பிளான்ட் வைத்து, அதைத் தாங்க அடியில் தூளி மாதிரி இந்த மேட்ரிக்ஸைத் தைத்தார்கள். சித்திக்கு வைத்தது பன்றித் தோல். அதை முதலிலேயே சொல்லிவிட்டார்கள், அதில் குறையில்லை. ஆனால் நீர் கோத்துக்கொண்டே இருந்ததால் டிரெயின் குழாயோடு சேலை கட்டிப் பல நாள் அலைந்தார். ஒரு நாள் மேலே தோல் சிவந்துவிட்டது. காய்ச்சல் இல்லை. கிருமியா, மேட்ரிக்ஸுக்கு உடம்பு காட்டும் கோபமா என்று பிரித்தறிய டாக்டர்களே சிரமப்படுவார்களாம். அந்தச் சிவப்பு தானாகவே தணிந்தது. சில கம்பெனிகளின் மேட்ரிக்ஸில் சிக்கல் கூடுதலாகத் தெரிகிறது என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021ல் எச்சரித்திருக்கிறது. மார்பகச் சீரமைப்புக்கென்று அவர்கள் எதற்கும் அனுமதி தந்திருக்கவில்லை என்பதும் அதிலேயே இருந்தது. நாங்கள் அதைப் படித்தது ஆபரேஷன் முடிந்த பிறகு.

செங்கோட்டைச் சாரல்:

எனக்குச் சின்ன விஷயம், ஈறு இறங்கிப் பல் வேர் தெரிந்தது. மேலண்ணத்தில் சதை எடுத்து ஒட்டலாம், இல்லையென்றால் மேட்ரிக்ஸ் வைக்கலாம் என்றார் பல் டாக்டர். சொந்தச் சதையே போதும் என்று வீறாப்பாகச் சொன்னேன். ஈறு நன்றாகத்தான் பிடித்தது. எடுத்த இடம்தான் ஒரு வாரம் ரசஞ்சாதத்துக்குக்கூட எரிந்தது.

களியக்காவிளை:

வாப்பாவுக்கு வயிற்றுக் குடலிறக்கம் இரண்டாவது முறை வந்தது. முதல் முறை வயிற்றுக்குத் தாங்கலாக வைத்த வலையில் சீழ் பிடித்திருந்ததால் திரும்பவும் பிளாஸ்டிக் வலை வேண்டாம் என்றார் பாறசாலைப் பக்கத்து டாக்டர். அவரே, "பன்றி வேண்டாமல்லவா?" என்று கேட்டு மாட்டுத் தோலில் செய்த மேட்ரிக்ஸை வரவழைத்தார். வர நான்கு நாள் ஆயிற்று. காத்திருந்தோம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

களியக்காவிளை அண்ணன், அந்த டாக்டருக்கு ஒரு வணக்கம். எங்கள் அக்காவுக்கு இன்னும் சுறா மட்டும்தான் தெரியும்.