மேட்டூர் அணையும் ஆவணிப் பயணமும்

குழு: பினாங்குச் சொந்தங்கள்

சாந்தி அத்தை, மாலை 6:42
அனைவருக்கும் வணக்கம். ஆவணியில் சேலத்தில் நடக்கும் திருமணத்துக்குப் போகும்போது, பிள்ளைகளுக்கு மேட்டூர் அணையைக் காட்டலாம் என்று இருந்தேன். ஆனால் அது தொண்ணூறு ஆண்டு பழைய அணை என்றும், நிரம்பினால் எந்த நேரமும் உடைந்துவிடும் என்றும் ஓர் ஒலிப்பதிவு காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. அண்ணா, நீங்கள் பொறியாளராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன். அங்கே பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

முத்தையா பெரியப்பா, மாலை 6:58
தாராளமாகப் போகலாம், சாந்தி. அந்தப் பதிவை நானும் கேட்டேன். பேசுபவர் தம் பெயரையும் சொல்லவில்லை, அணையின் எந்தப் பகுதியில் என்ன பழுது என்றும் சொல்லவில்லை. மேட்டூர் அணை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது என்பது உண்மைதான். ஆனால் வயதை மட்டும் வைத்து ஓர் அணையை மதிப்பிட முடியாது. கலிபோர்னியாவின் செயின்ட் பிரான்சிஸ் அணை 1926இல் முடிந்து 1928 மார்ச்சில் நள்ளிரவில் உடைந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதுவும் மேட்டூரைப் போலத் தன் எடையால் நிற்கும் கான்கிரீட் அணைதான். இரண்டே ஆண்டில் போனதற்குக் காரணம் முதுமையா? அதைத் தாங்கிய மலைப்பாறை சரியில்லை.

கதிரவன், இரவு 7:05
மாமா, தன் எடையால் நிற்பது என்றால் எப்படி? அந்த நீர்த்தேக்கம் நிரம்பினால் அறுபது சதுர மைல் அளவுக்கு விரிந்து கிடக்கும் என்று படித்தேன். அவ்வளவு நீரும் சேர்ந்து ஒரு சுவரைத் தள்ளும்போது அது எப்படித் தாங்கும்?

முத்தையா பெரியப்பா, இரவு 7:21
அவ்வளவு நீரும் சேர்ந்து தள்ளுவதில்லை, தம்பி. சுவரை ஒட்டி நீர் எவ்வளவு ஆழம் நிற்கிறது என்பதே கணக்கு. பின்னால் ஒரு மைல் பரந்திருந்தாலும் அறுபது மைல் பரந்திருந்தாலும், தேங்கி நிற்கும் நீரின் அழுத்தம் ஒன்றுதான். 120 அடி ஆழம் என்று வைத்துக்கொண்டால், அணையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மீதும் ஏறத்தாழ 670 டன் விசை விழும். ஆழம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் இத்தகைய அணையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், மேலே குறுகி அடியில் அகன்ற முக்கோணமாக இருக்கிறது. கான்கிரீட்டின் எடை நீரைப் போல 2.4 மடங்கு. அந்த எடை கீழ்நோக்கி அழுத்துவதால், பக்கவாட்டில் தள்ளும் நீரால் அணையைக் கவிழ்க்கவோ நகர்த்தவோ முடிவதில்லை.

யாழினி, இரவு 7:30
பெரியப்பா, அணைக்கு அடியிலும் நீர் கசிந்து புகுந்து, அதை மேல்நோக்கித் தூக்கும் என்று எங்கள் விரிவுரையாளர் சொன்னாரே? அப்படியானால் எடையே குறைந்தது போல் ஆகிவிடாதா?

முத்தையா பெரியப்பா, இரவு 7:44
சரியான இடத்தில் கை வைத்தாய். 2017 நவம்பர் வெள்ளத்தில் உங்கள் அத்தை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி என்ன ஆயிற்று என்று நினைத்துப் பார். நான்கு பேர் தூக்கத் திணறும் பெட்டி, அடியில் நீர் புகுந்ததும் தானாக எழும்பி, அடுப்படியிலிருந்து கூடத்துக்கு மிதந்து வந்தது. பிரான்சில் பூசே அணை 1895 ஏப்ரலில் உடைந்ததற்கு இந்த மேல்நோக்கிய அழுத்தம்தான் காரணம். அதன் பிறகே பொறியாளர்கள் இதைக் கணக்கில் கட்டாயமாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். இப்போது பாறையில் துளையிட்டுச் சிமெண்டுக் கரைசலைச் செலுத்தி விரிசல்களை அடைக்கிறார்கள். அதையும் மீறிக் கசியும் நீரை, அணையின் வயிற்றுக்குள் இருக்கும் சுரங்கப் பாதைக்கு வடித்து, நாள்தோறும் அளந்து குறித்து வைக்கிறார்கள். அணையில் கசிவு என்று செய்தி வந்தாலே நம்மவர் பதறுகிறார்கள். அளவு திடீரென்று மாறினாலோ நீர் கலங்கி வந்தாலோதான் பொறியாளர் பதறுவார்.

சாந்தி அத்தை, இரவு 7:52
அந்தப் பெட்டியைப் பற்றி நினைவூட்டாதீர்கள், அண்ணா. அதற்குள் ஆட்டிறைச்சி வேறு இருந்தது. சரி, அணை நிரம்பி, நீர் மேலே வழிந்தால்?

முத்தையா பெரியப்பா, இரவு 8:03
நம் தெலுக் பஹாங் அணை போன்ற மண்ணணைக்குத்தான் மேலே வழிவது எமன். கான்கிரீட்டை நீர் அவ்வளவு எளிதில் அரித்துவிடாது. மேட்டூரிலோ அதற்கும் இடம் வைக்கவில்லை. மிகுதி நீரை வெளியேற்றுவதற்கு, அணைக்குச் சற்றுத் தள்ளி எல்லிஸ் உபரிநீர்ப் போக்கி என்று தனியே பதினாறு கண் மதகு இருக்கிறது. இன்னொன்று: செய்தியில் சொல்லும் 120 அடி அணையின் உயரம் அன்று, நீர்மட்டத்தின் கணக்கு. அடித்தளத்திலிருந்து அணையின் உயரம் 214 அடி.

கதிரவன், இரவு 8:10
அப்படியானால் 60 அடி நீர் என்றால் பாதி அணை நிரம்பிவிட்டது என்று கொள்ளலாமா, மாமா?

முத்தையா பெரியப்பா, இரவு 8:19
கூடாது. பள்ளத்தாக்கு மேலே போகப் போக அகல்கிறது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி); 100 அடியில் ஏறத்தாழ 65தான் இருக்கும். கடைசி இருபது அடியில் மட்டும் இருபத்தெட்டு டி.எம்.சி.க்கு மேல் அடங்கிவிடுகிறது. ஜூன் 12இல் குறுவை நெல் சாகுபடிக்குத் திறப்பார்களா என்று தஞ்சாவூர்க்காரர்கள் நாள்தோறும் அந்த எண்ணைப் பார்ப்பது இதனால்தான்.

யாழினி, இரவு 8:24
நீருக்குள் ஒரு கோயில் இருக்கிறதாமே, அதைப் பார்க்க முடியுமா, அத்தை?

சாந்தி அத்தை, இரவு 8:33
எங்கள் பாட்டி அந்தப் பக்கத்து மனுஷி என்பதால் எனக்குத் தெரியும். அணை கட்டியபோது ஊர்களைக் காலி செய்து மக்களை வெளியேற்றினார்கள். நீர் வெகுவாக இறங்கும் கோடையில், பண்ணவாடிப் பக்கம் பழைய தேவாலயத்தின் கோபுரமும், பிறகு ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளியே தெரியும். ஆவணியில் போனால் பெரும்பாலும் அவை நீருக்குள்தான் இருக்கும். திருமணத்தை நமக்காகச் சித்திரைக்கு மாற்றவா முடியும்?

கதிரவன், இரவு 8:37
பண்ணவாடியிலிருந்து நாகமரைக்குப் பரிசலில் போகலாம் என்கிறார்களே, அம்மா?

சாந்தி அத்தை, இரவு 8:41
மதகைத் திறந்து நீர் விடும் நாள்களில் யாரும் ஆற்றங்கரைப் பக்கம் கால் வைக்கக் கூடாது. பரிசலைப் பற்றி அங்கே போய் நீர்வரத்தைப் பார்த்த பிறகு பேசலாம். பதினாறு கண் மதகைப் பாலத்திலிருந்து பார்த்துவிட்டு, அணைப்பூங்கா அருகே மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் சேலத்துக்குத் திரும்பிவிடுவோம். யார் யார் வருகிறீர்கள் என்று இன்றிரவே சொல்லிவிடுங்கள். வண்டியை முன்கூட்டியே பேச வேண்டும்.

முத்தையா பெரியப்பா, இரவு 8:44
எனக்கு ஓர் இடம் வை. மீனை முள் நீக்கித் தரச் சொல்.