டிசம்பர் இறுதியில் பிராக்: வயதான தாயாருடன் நாட்களை எப்படி வகுத்துக்கொள்வது?

கேள்வி:
டிசம்பர் 23 முதல் 28 வரை தாயாரோடு செக் குடியரசின் தலைநகரான பிராக்கில் தங்கவிருக்கிறேன். சார்லஸ் பாலம், கோட்டை, யூதர் பகுதி ஆகிய மூன்றையும் அவசரமின்றிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அவருக்கு முழங்கால் வலி இருப்பதால், குளிரைவிட ஏற்றங்களே என்னைக் கவலைப்படுத்துகின்றன. சென்று வந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அம்மாதக் கடைசியில் அங்கே காலை எட்டு மணியளவில்தான் சூரியன் உதிக்கும். மாலை நான்கு மணிக்கெல்லாம் மறைந்துவிடும். கோட்டைக்குள் இருக்கும் கட்டடங்களும் குளிர்காலத்தில் நான்கு மணிக்கே மூடப்படுவதால், ஒரு முற்பகல் முழுவதையும் அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். ஆற்றங்கரையிலிருந்து படியேற வேண்டியதில்லை. 22 ஆம் எண் டிராமில் ‘பிராஷ்ஸ்கி ஹ்ராட்’ நிறுத்தத்தில் இறங்கினால், பெரிய ஏற்றம் எதுவுமின்றிக் கோட்டையின் வடக்கு வாயிலை அடையலாம். கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயத்தில் நிதானமாக நேரம் செலவிடுங்கள். 1344 இல் தொடங்கிய அதன் கட்டுமானம் 1929 இல்தான் நிறைவுற்றது. கிழக்குப் பகுதி இடைக்காலத்தையும் மேற்குப் பகுதி அண்மைக் காலத்தையும் சேர்ந்தவை என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், ஒரே கூரையின் கீழ் இரண்டு காலங்களைக் காணலாம்.

மறுமொழி 2:
மேற்சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. பாலத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். 1357 இல் மன்னர் நான்காம் சார்லஸ் காலத்தில் தொடங்கப்பட்ட அந்தப் பாலத்தில் பிற்பகலில் நடப்பதே கடினம் என்னும் அளவுக்குக் கூட்டம் சேர்ந்துவிடும். சூரியன் தாமதமாக உதிப்பது இங்கே உங்களுக்குச் சாதகம்: அதிகாலையில் எழாமலேயே விடியலைப் பாலத்தில் நின்று பார்க்கலாம். கல் பாவிய தெருக்கள் பனியில் வழுக்கும் என்பதால், நல்ல பிடிப்புள்ள ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணி தாயாருக்கு அவசியம்.

மறுமொழி 3:
விடுமுறை நாட்களைக் கவனியுங்கள். செக் மக்களுக்கு முதன்மையான கொண்டாட்டம் 24 ஆம் தேதி மாலையில், வீட்டிற்குள் நடப்பது. அன்று நண்பகல் முதல் 26 முடிய, 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் சட்டப்படி மூடப்பட்டிருக்கும். மருந்தையும் சிற்றுண்டியையும் 23 அன்றே வாங்கி வைத்துவிடுங்கள், இரவு உணவுக்கும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். யூத அருங்காட்சியகத்திற்குச் சனிக்கிழமை விடுமுறை. அதைச் சேர்ந்த பழைய கல்லறைத் தோட்டத்தில் 1439 ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லறைக் கல்லும் உண்டு. இடம் போதாமல் புதைத்த இடத்தின் மீதே மண் நிரப்பி மீண்டும் புதைத்ததால், கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நெருங்கி நிற்கின்றன. என் பார்வையில் அந்நகரிலேயே நெஞ்சை மிகவும் கனக்கச் செய்யும் இடம் அதுதான்.

கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கோட்டையை 23 ஆம் தேதிக்கும், யூதர் பகுதியை 27 அல்லது 28 இல் சனிக்கிழமை அல்லாத நாளுக்கும் வைத்துக்கொள்கிறேன். 25 காலையில் பாலம்.